ஃபோர் வீல் பிக்கப், முன்பக்கம் மூணு விதமா சத்தம்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒடுகத்தூர்க்காரன்

வணக்கம். டபுள் கேப் பிக்கப், டீசல், ஃபோர் வீல் டிரைவ், டிஎன் 23 வண்டி. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை, போட்டால் எந்த வண்டி உசத்தி என்று சண்டை ஆரம்பித்து என் கேள்வி அடியில் போய்விடும். டேஷ்போர்டில் குமிழைத் திருகினால் டூ ஹை (பின் வீல் மட்டும் இழுக்கும்), ஃபோர் ஹை (நாலு வீலும் இழுக்கும்), ஃபோர் லோ (நாலும், மெதுவாக, பலமாக). முன்னால் டபுள் விஷ்போன் (வீலைத் தாங்குகிற மேல் கை, கீழ் கை), காயில் ஸ்பிரிங். பின்னால் கமான் பட்டை. வீலை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருகுகிற ஹப் லாக் எல்லாம் கிடையாது. லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது.

வண்டிக்கு என்ன வேலை என்றும் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் முதலில் கேட்பீர்கள். இலவம்பாடிப் பக்கத்திலிருந்து முள்ளுக் கத்திரிக்காய் மூட்டை ஏற்றி வேலூர் மார்க்கெட். சீசனில் பீஞ்சமந்தை மலைமேலிருந்து சாமை, பலாப்பழம், புளி. அதாவது பெங்களூரு நெடுஞ்சாலையிலும் ஓடும், கல்லும் மண்ணுமான மலைப் பாதையிலும் ஏறும், ஆற்று மணலிலும் இறங்கும்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். பள்ளிகொண்டா டோல் தாண்டி வேலூர் பக்கம் வரும்போது ஐம்பதுக்கு மேல் போனால் முன்பக்கம் 'ஊஊ' என்று ஒரு முனகல், எழுபதில் பாட்டு போட்டால்கூட மேலே கேட்கிறது. இது ஒன்று. மலைமேல் கொண்டை ஊசி வளைவில் ஃபோர் ஹையில் முழுசாக ஒடித்துத் திரும்பும்போது 'கடக் கடக் கடக்', கூடவே யாரோ பின்னாலிருந்து வண்டியை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு அழுத்தம், இது இரண்டு. மூன்றாவது, மெதுவாகப் போகும்போது வீல் சுற்றுக்கு ஒரு தடவை 'சர்ர்க்', தகரத்தில் உரசுகிற மாதிரி. அது சில நாள் வரும், சில நாள் வராது. பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்த்தேன், மாறவில்லை.

பட்டறையில் காட்டினேன். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்ட், இரண்டு பக்க ஹப் பேரிங், எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒவ்வொரு சத்தமும் எதனால் என்று தெரிந்தபிறகு செலவு செய்யலாம் என்று பார்க்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

ராணிப்பேட்டை ரைடர்

பேரிங்தான் தலைவா. லட்சம் ஓடிவிட்டது, ஊஊ என்று கத்துகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

குடியாத்தம் பட்டறை

கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது எளிது தம்பி, பணம் கொடுப்பவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதானே கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒடுகத்தூர் அண்ணே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். அடியில் இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்ட இரும்பு. இடது வீலில் பிறக்கிற சத்தம் வலது கால் பக்கம் கேட்கும், நடு பிராப்பெல்லர் ஷாஃப்டின் (எஞ்சின் இழுப்பை ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டு) சத்தம் முன் டயரில் வருகிற மாதிரி இருக்கும், எத்தனை வருஷம் பட்டறையில் இருந்தாலும் காது ஏமாற்றும். எதைச் செய்தால் சத்தம் மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஊஊ சத்தத்துக்கு: காலியான ரோட்டில் எழுபதில் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலில் விடுங்கள், சாவியை அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கட்டையாகிவிடும். சத்தம் அப்படியே இருந்து வண்டி வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தால் எஞ்சின் பக்கத்தை மறந்துவிடலாம். மிச்சம் டயர், பேரிங், டிஃபரன்ஷியல் (இரண்டு பக்க வீலும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டி) இதற்குள்தான். அப்புறம் அதே வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம். வலது பக்கம் வளைத்தால் வண்டியின் எடை இடது வீல் மேல் சாயும், அப்போது ஊஊ கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம். இடது பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது பேரிங். இதைப் பலபேர் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல பேரிங்கைக் கழற்றிப் போடுகிறார்கள்.

எந்தப் பக்கம் வளைத்தாலும் மாறவில்லை, ஆனால் ரோடு மாறினால் சத்தம் மாறுகிறது, நெடுஞ்சாலைத் தாரில் ஒரு மாதிரி ஊருக்குள் சிமென்ட் ரோட்டில் வேறு மாதிரி என்றால் அது டயர். பேரிங்குக்கு எந்த ரோடாக இருந்தாலும் ஒரே பாட்டுதான். வண்டியை நிறுத்தி டயர் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும், அப்புறம் குறுக்கேயும் தடவிப் பாருங்கள். குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழு, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி கையைப் பிடித்தால் டோ அலைன்மென்ட் (முன் வீல் இரண்டும் நேராக நிற்கிற கணக்கு) போயிருக்கிறது. இடையிடையே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்க வாய்ப்பு. அதற்கும் சந்தேகம் தீரவில்லையா, முன் டயர் இரண்டையும் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் பின்னால் போய்விட்டால் ஆயிரக்கணக்கில் மிச்சம். ஜாக்கி, ஸ்பானர், அரை மணி நேரம், இவ்வளவுதான் செலவு.

தூக்கும்போது ஜாக் ஸ்டாண்டு கட்டாயம் வையுங்கள், பின் வீலுக்கு இரண்டு பக்கமும் கல் கொடுங்கள். தூக்கினபிறகு வீலின் மேல் ஒரு கை கீழ் ஒரு கை வைத்து, அதாவது கடிகாரத்தில் 12, 6 இருக்கிற இடத்தில், உள்ளே வெளியே அசையுங்கள். ஆட்டம் இருக்கிறதா? இருந்தால் உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அசையுங்கள். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்புகிற இரும்பு) ஒன்றாகிவிடும், பேரிங்கில் இருந்த ஆட்டம் அங்கேயே செத்துவிடும். பிரேக் மிதித்தும் ஆட்டம் இருந்தால் பேரிங் குற்றவாளி இல்லை, நக்கிளை விஷ்போனோடு சேர்க்கிற குண்டு மூட்டு, அதாவது பால் ஜாயின்டைப் பாருங்கள். 9, 3 இடத்தில் பிடித்து அசைத்தால் மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனை, ஸ்டீயரிங்கிலிருந்து வீலைத் திருப்ப வருகிற கம்பியின் நுனி. கடைசியாக ஒரு கையால் வீலைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். தேய்ந்த பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒரு நறநறப்பு விரலுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காதது கைக்குத் தெரியும்.

இன்னொன்று, ஒரு வீலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு எஞ்சினைப் போட்டு கியரில் சுற்ற விட்டு சத்தம் கேட்கிற வேலை வேண்டவே வேண்டாம். தரையில் இருக்கிற வீல் எதற்காவது இழுப்பு போனால் வண்டி ஸ்டாண்டை விட்டு ஆள்மேல் இறங்கிவிடும்.

கடக் கடக்குக்கு வருகிறேன், இதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் சொல்கிற அந்த இழுத்துப் பிடிப்பதும் கடக் கடக்கும் ஒரே நோயாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். தார் ரோட்டில் ஃபோர் ஹை போட்டு ஒடித்துத் திருப்பினால் நல்ல வண்டிகூட இழுத்துப் பிடிக்கும், டயர் துள்ளும், அடியில் டக் டக் என்று சத்தம் வரும். ஆகவே தாரில் கேட்ட சத்தத்தை வைத்து ஷாஃப்டை மாற்றச் சொல்வது சரியில்லை. மணலிலோ உழுத நிலத்திலோ இறக்குங்கள். அங்கே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம், முதலில் டூ ஹையில், அப்புறம் ஃபோர் ஹையில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து.

உங்கள் வண்டி மாதிரி ஹப் லாக் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்ட் இரண்டும் எப்போதும் வீலோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும், டூ ஹையிலும். ஆனால் டூ ஹையில் அதன்மேல் சுமை இல்லை, சும்மா கூடச் சுற்றுகிறது. அதனால் சிவி ஜாயின்ட் (வீல் ஒடிந்து திரும்பினாலும் ஷாஃப்டைச் சுற்ற விடுகிற மூட்டு) பாதி தேய்ந்திருந்தால் டூ ஹையில் வாயே திறக்காது, ஃபோர் ஹையில் இழுக்கும்போதுதான் கடக் கடக் என்னும். மணலில் ஃபோர் ஹையில் மட்டும் சத்தம் வந்தால் சிவி. இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் வேறு எங்கேயோ. சில சமயம் முழுசாக ஒடித்தால் டயர் போய் மட் ஃப்ளாப்பில் உரசுவதைக்கூட ஷாஃப்ட் என்று சொல்லி மாற்றிவிடுகிறார்கள்.

சர்ர்க் சத்தம் சின்ன விஷயம். டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகட்டு மூடி இருக்கும், அது வளைந்து டிஸ்க்கைத் தொடும், அல்லது நடுவில் கல் மாட்டியிருக்கும். மலையில் ஓடுகிற வண்டிக்கு இது சளி பிடிக்கிற மாதிரி, வரும் போகும்.

பழைய ஜீப்

குடியாத்தத்தார் சொன்னதற்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. ஜமுனாமரத்தூர் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப் வைத்து மலை ஏறினவன் நான். அதில் ஹப் லாக் கையால் திருகுவது. சத்தம் வந்தால் கண்டுபிடிக்க ஒரே வேலை: இறங்கி இரண்டு ஹப்பையும் ஃப்ரீ செய்து ஓட்டிப் பார்ப்போம். ஃப்ரீ செய்தால் வீல் மட்டும் சுற்றும், உள்ளே ஆக்சில், கிராஸ் மூட்டு, டிஃபரன்ஷியல் எல்லாம் அப்படியே நிற்கும். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் ஆக்சில் பக்கம், நிற்கவில்லையென்றால் பேரிங், டயர், பிரேக். அரை நிமிஷத்தில் பாதி வண்டியை விசாரணையிலிருந்து விடுவித்துவிடலாம். இப்போது வருகிற வண்டியில் சொகுசுக்காக அதை எடுத்துவிட்டார்கள். டிரைவர் மழையில் இறங்க வேண்டாமாம்.

அந்த வண்டிகளில் முன் வீலுக்குச் சாய்வு ரோலர் பேரிங் இரண்டு, நட்டை வைத்து நாமே இறுக்கம் சரிசெய்வோம். வீலைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, வீல் பிடிக்கிற இடம் வந்ததும் கொஞ்சம் பின்னால் தளர்த்தி, லாக் வாஷரை மடக்குவது. இறுக்கம் அதிகமானால் சூடாகி நீலம் பாரிக்கும், குறைந்தால் ஆடும். ஓடி வந்து நிறுத்தியதும் இரண்டு பக்க ஹப்பையும் கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. ஒன்று வெதுவெதுப்பு, மற்றது கை வைக்க முடியாத சூடு என்றால் சூடான பக்கத்தில் பேரிங்கோ பிரேக்கோ ஏதோ பிடிக்கிறது. ஒடுகத்தூர் தம்பி, நெடுஞ்சாலையில் ஓடி வந்ததும் இதையும் பார். வேலூர் வெயிலில் ரிம்மே சுடும், அதனால் சூடு எவ்வளவு என்று பார்க்காதே, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் என்ன என்று பார். டிஸ்க்கைத் தொட்டுவிடாதே, தோல் உரிந்துவிடும்.

ஒடுகத்தூர்க்காரன்

நன்றி அண்ணே, ஐயா. டெஸ்ட் எல்லாம் செய்து எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். தார் ரோட்டில் ஃபோர் ஹை போட்டால் இழுத்துப் பிடிப்பது சகஜம் என்கிறீர்கள். நாலு வீலும் இழுத்தால் பிடிப்பு கூடத்தானே வேண்டும்? வளைவில் பத்திரமாக இருக்கும் என்றுதான் மலை அடிவாரத்திலேயே போட்டுவிடுவது வழக்கம்.

கணக்கு டீச்சர் காட்பாடி

இதற்கு மெக்கானிக் வேண்டாம், எட்டாம் வகுப்பு பித்தாகரஸ் போதும்.

வண்டி திரும்பும்போது முன் வீல் போகிற பாதையும் பின் வீல் போகிற பாதையும் ஒன்றில்லை. பின் வீல் உள்வட்டத்தில் வரும், முன் வீல் வெளிவட்டத்தில் போகும். வீல்பேஸ் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாதிரி பிக்கப்புக்கு அவ்வளவு வரும். பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்றால் முன் ஆக்சிலின் நடுப்புள்ளிக்கு ஆரம் 25-உம் 9-உம் கூட்டி வர்க்கமூலம், அதாவது 5.83 மீட்டர். கொண்டை ஊசி வளைவு என்பது அரை வட்டம். பின்பக்கம் 15.7 மீட்டர் உருளுகிற நேரத்தில் முன்பக்கம் 18.3 மீட்டர் உருள வேண்டும். வித்தியாசம் 2.6 மீட்டர். உங்கள் டயரின் சுற்றளவே 2.3 மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். ஆக ஒரே ஒரு வளைவில் முன் வீல் பின் வீலைவிட ஒரு முழுச் சுற்றுக்கு மேல் அதிகமாகச் சுற்றியாக வேண்டும்.

இந்த வகை ஃபோர் வீலில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் ஹை போட்டதும் முன் பிராப்பெல்லர் ஷாஃப்டும் பின் பிராப்பெல்லர் ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டும் ஒரே சுற்றுதான் சுற்ற முடியும். அந்த 2.6 மீட்டர் எங்கே போகும்? மணலில், சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது, அதனால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், தாங்க முடியாதபோது ஏதாவது ஒரு டயர் துள்ளி விட்டுக்கொடுக்கும். நீங்கள் கேட்கிற டக் அதுதான், இழுத்துப் பிடிப்பதும் அதுதான். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அத்தனையையும் ஃபோர் ஹையில் தாரில் ஏறினால் சிவி ஜாயின்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினும் எவ்வளவு முறுக்கு வாங்கும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவு அகலமாக இருந்தால் இந்த வித்தியாசம் குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது.

குடியாத்தம் பட்டறை

டீச்சர் சொன்னதை என் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டலாம் போல.

மழையில் தார் நனைந்திருந்தாலும் டூ ஹையிலேயே மெதுவாகப் போங்கள், லோடு இருந்தால் பின் வீலுக்குப் பிடிப்பு தானாக வரும். காலி வண்டி என்றால் பிக்கப்பின் பின்பக்கம் லேசு, சறுக்கும், அதற்கு மருந்து ஆக்சிலேட்டரில் காலைக் குறைப்பதுதான். தார் முடிந்து மண் ஆரம்பிக்கிற இடத்தில் ஃபோர் ஹை போடுங்கள், திரும்பத் தார் வந்ததும் எடுத்துவிடுங்கள். குமிழைத் திருப்பியும் விளக்கு அணையாமல் மினுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே முறுக்கு நிற்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து ஒரு சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், டக் என்று விட்டுவிடும்.

ராணிப்பேட்டை ரைடர்

எல்லாம் சரி, ஆனால் என் மாமா வண்டியில் இதே மாதிரி ஊஊ வந்து பேரிங்தான் போயிருந்தது. பெட் கட்டுவதற்கு ரெடி. தோற்றால் ஆம்பூர் பிரியாணி என் செலவு.

ஒடுகத்தூர்க்காரன்

சொன்ன டெஸ்ட் எல்லாம் செய்தாயிற்று. தம்பி மகன் பிரேக் மிதிக்க, நான் அடியில்.

ஊஊ: நியூட்ரலில் விட்டும் மாறவில்லை. வலது இடது வளைத்தும் மாறவில்லை. ஊருக்குள் சிமென்ட் ரோட்டில் சத்தம் வேறு மாதிரி, கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது. முன் டயரைத் தடவினால் இரண்டு டயரிலும் உள்விளிம்புப் பக்கம் கை ஏறி இறங்குகிறது, கட்டைக்குக் கட்டை உயரம் மாறி மாறி இருக்கிறது, இத்தனை நாள் பார்த்தும் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. டயரை முன்பின்னாக மாற்றிப் போட்டு அதே பள்ளிகொண்டா ரோட்டில் ஓட்டினேன். முன்பக்கம் அமைதி. சத்தம் பின் சீட்டுக்குப் போய்விட்டது, பின்னால் உட்கார்ந்து வந்தவன் இப்போது அங்கே கத்துகிறது என்கிறான். ஹப் சூடும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது. ஸ்பிரிங்கில் கை வைத்துச் சுற்றினேன், நறநறப்பு இல்லை. ஆம்பூருக்கு எப்போது போகலாம் ராணிப்பேட்டை?

சர்ர்க்: இடது டிஸ்க்குக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு கல். டிஸ்க்கில் கோடு விழுந்திருக்கிறது, ஆழமில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தள்ளினேன், தகட்டைக் கையாலேயே நிமிர்த்திவிட்டேன், சத்தம் போய்விட்டது.

கடக் கடக்: ஆற்று மணலில் சுற்றிப் பார்த்தேன். டூ ஹையில் சத்தமே இல்லை. ஃபோர் ஹையில் வலது பக்கம் முழுசாக ஒடித்துச் சுற்றினால் தெளிவாகக் கேட்கிறது, இழுத்துப் பிடிப்பது மட்டும் இல்லை. இடது பக்கம் சுற்றினால் ரொம்பக் குறைவு. இடது வீலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஷாஃப்டின் வெளி ஜாயின்டில் ரப்பர் பூட் மடிப்பு ஒன்றில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் வட்டமாக அடித்திருக்கிறது, ஷாக் அப்சார்பர் மேலேயும். கிழிசலில் விரலை விட்டு கிரீஸை எடுத்துத் தேய்த்தால் மணல். வலது பக்க பூட் நன்றாக இருக்கிறது, விரித்துப் பார்த்தால் மேலாக ஒரு வெடிப்புகூட இல்லை.

இன்னொன்று, இதைக் கேட்கத்தான் அவசரமாக எழுதுகிறேன். இடது வீலில் 12, 6 பிடித்து அசைத்தால் லேசாக ஆட்டம். பிரேக் மிதித்தும் அந்த ஆட்டம் போகவில்லை. 9, 3-ல் ஆட்டம் இல்லை. ஆனால் ஓட்டும்போது இதனால் எந்தச் சத்தமும் வரவில்லையே?

குடியாத்தம் பட்டறை

மூன்று சத்தத்தையும் விடுங்கள், சத்தம் போடாத இதுதான் முதல் வேலை. பிரேக் மிதித்தும் ஆடுகிறதென்றால் பால் ஜாயின்ட், அனேகமாகக் கீழ் விஷ்போனில் இருப்பது. உறுதி செய்ய, மறுபடி அசைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பால் ஜாயின்ட் மேல் விரல் வைத்துப் பாருங்கள், அசைவு விரலில் தெரியும். அது கழன்றால் வீல் மடிந்து வண்டி மூக்கால் ரோட்டை உழும், மலை வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இந்த நிலையில் லோடு ஏற்றாதீர்கள், மலைக்கும் போகாதீர்கள். நல்ல காலம், ஷாஃப்டை வெளியே எடுக்க எப்படியும் நக்கிளைக் கழற்றித்தான் ஆக வேண்டும், இரண்டு வேலைக்கும் ஒரே கூலி கேளுங்கள், கொடுப்பார்கள்.

சிவி இடது வெளி ஜாயின்ட்தான். உள்ளே ஆறு இரும்புக் குண்டு, அவை ஓட வளைந்த பள்ளம், நடுவில் ஒரு கூண்டு. மணல் புகுந்து பள்ளத்தில் தடம் விழுந்ததும் குண்டு ஒவ்வொன்றும் அதில் விழுந்து ஏறுகிற சத்தம்தான் கடக் கடக். பூட் கிழிந்தது மட்டும் இருந்து சத்தம் வராமல் இருந்தால் கழற்றிக் கழுவி, கறுப்பு மோலி கிரீஸ் புதுசாக அடைத்து, புது பூட் போட்டு முடித்திருக்கலாம். சத்தம் வந்தபிறகு பூட் மாற்றினால் செத்த ஜாயின்டுக்குப் புதுச் சட்டை போட்டதுதான் மிச்சம். இடது ஷாஃப்ட் மட்டும் மாற்றுங்கள். வலது ஷாஃப்டையும் இரண்டு பேரிங்கையும் யாரும் தொட வேண்டாம்.

கழற்றும்போது டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் போகிற இடத்து ஆயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள், விலை ரொம்பக் குறைவு, பழையதை விட்டால் ஒழுகிக்கொண்டே இருக்கும். அப்படியே டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஆற்றில் இறக்குகிற வண்டிக்கு இது நடக்கும், ப்ரீதர் டியூப் (உள்ளே காற்று போய்வருகிற குழாய்) அடைத்திருக்கிறதா என்று அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹப் நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பானர்) வைத்து, உங்கள் வண்டி மேனுவலில் இருக்கிற அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். நீளமான பைப்பை மாட்டி ஏறி நின்று இறுக்குவதைப் பார்த்தால் தடுங்கள். நட்டு கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின் புதுசாகப் போடச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் எல்லாம் முடிந்தபிறகு. பால் ஜாயின்ட் ஆடுகிற வண்டியை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவது தண்டச் செலவு, இறங்கி வந்ததுமே மாறிவிடும். டயர் அப்படித் தேய்ந்ததற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம், ஷாக் அப்சார்பரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை ரைடர்

சரி சரி, பிரியாணி என் கணக்கு. ஒரு கேள்வி மட்டும். ஷாஃப்டைக் கம்பெனியில் வாங்காமல் பழைய இரும்புக் கடையில், இல்லையென்றால் டூப்ளிகேட் வாங்கினால் பாதி விலைக்கு முடியுமே?

பழைய ஜீப்

இரும்புக் கடைச் சரக்கில் எவன் எந்த ஆற்றில் இறக்கினான் என்று உனக்குத் தெரியுமா? வாங்குவதென்றால் பூட்டைக் கழற்றிக் காட்டச் சொல், பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார், நகம் மாட்டினால் வைத்துவிட்டு வா. டூப்ளிகேட்டில் ரப்பர்தான் முதலில் போகும், நம்ம வெயிலுக்குச் சீக்கிரமே வெடித்துவிடும். பால் ஜாயின்டில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதே.

ஒடுகத்தூர்க்காரன்

ஷாஃப்டும் பால் ஜாயின்டும் கம்பெனிப் பொருளே சொல்லிவிட்டேன், வர இரண்டொரு நாள் ஆகுமாம். விரல் வைத்துப் பார்த்தேன், கீழ் பால் ஜாயின்ட்தான், நன்றாகவே தெரிகிறது. கத்திரிக்காய் காத்திருக்காது, அதனால் அதுவரைக்கும் பக்கத்து ஊர் குட்டியானை பேசியாச்சு. டிஃபரன்ஷியல் ஆயில் எப்படி இருக்கிறது என்று கழற்றும்போது போட்டோ எடுத்துப் போடுகிறேன்.